நிர்வாக நலன் கருதி

ஜூன் 9, திங்கள்

சாரல் பிடித்துவிட்டது. குற்றாலத்துக்குப் போகிற கார்கள் தென்காசி ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. ஊரே குளிக்கப் போகிறது, நான் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போகிறேன்.

போனதும் முதல் செய்தி: சிவகிரி சிறப்புப் பிள்ளைகள் மையத்து ஆசிரியர் விஜயசங்கர் ராஜினாமா. மதுரையில் ஏதோ தனியார் பள்ளியாம். போகட்டும், ஒப்பந்த வேலையை நம்பி அவன் எத்தனை நாள் இருப்பான்? ஆனால் அங்கே மையத்தைப் பூட்டிவிட்டார்கள். பெற்றோர்கள் மாறி மாறி போன் பண்ணுகிறார்கள். மாவட்டத்தில் சிறப்பாசிரியர்களை எங்கே போடுவது, எங்கிருந்து எடுப்பது என்று ஒட்டுப் போடுவதுதான் ஐந்து வருடமாக என் உத்தியோகம். கிழிசல் பெரிது, துணி சின்னது. யாரைத்தான் அனுப்புவேன்?

ஜூன் 11, புதன்

இலஞ்சி மையத்துக்கு ஆய்வுக்குப் போனேன். ஆய்வு என்று எழுதுகிறேன். மாரியைப் பார்க்கத்தான் போனேன்.

மாரிக்கு இப்போது எட்டு வயது. ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னபோது அவளுக்கு இரண்டரை. அப்போது நான் ஆபீஸ்காரி இல்லை, வீடு வீடாகப் போகும் டீச்சர். யாரிடமும் ஒட்டாத பிள்ளை என் மடியில் வந்து உட்காரும். என் தலையில் இருக்கிற பிச்சிப்பூவை மோந்து பார்த்துக்கொண்டே இருக்கும். வேறு யார் தொட்டாலும் அலறும். “ஒங்ககிட்ட மட்டுந்தான் டீச்சர் அடங்குதா” என்று அவள் அம்மா மாடத்தி கண்ணைத் துடைப்பாள். பதவி உயர்வு வந்து நான் ஆபீசுக்குப் போனபோது அழுதது மாடத்தி மட்டுமல்ல.

இன்று நான் உள்ளே நுழைந்தபோது மாரி என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அலமாரியைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டாள். நேரே சண்முகப்பிரியாவிடம் போய் அவள் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சண்முகப்பிரியா இலஞ்சிக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இருபத்தேழு வயசு. நான்தான் இன்டர்வியூவில் தேர்ந்தெடுத்தேன். “மேடம், ஆகஸ்டுல இருந்து மாரிய மூணாம் கிளாஸ்ல ஒரு மணி நேரம் உக்கார வச்சுப் பாக்கலாம்னு ஹெச்.எம். சொல்லிட்டாரு” என்றாள். முகமெல்லாம் பல். அதே காம்பவுண்டில்தான் பள்ளிக்கூடம். அந்த ஹெச்.எம். சுந்தரபாண்டியன் சாரிடம் நான் எத்தனை வருடம் கெஞ்சியிருப்பேன்! இவள் கேட்டாளாம், அவர் சரி என்றாராம்.

“ரொம்ப நல்லது” என்று சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

துப்பட்டாவில் அப்படி என்ன இருக்கிறது?

ஜூன் 18, புதன்

பஸ் ஸ்டாண்டில் மாடத்தியைப் பார்த்தேன். தேங்காய்க் களத்தில் வேலைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தாள். மாரி நாள் முழுக்க மையத்தில் இருப்பதால்தான் அவளால் வேலைக்குப் போக முடிகிறது. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பிரியா டீச்சர் வந்த பொறவுதான் எம்புள்ள மனுசியா ஆயிருக்கா மேடம். தானே சாப்புடுதா. சொன்னா கேக்குதா. அவிய நல்லா இருக்கணும்.”

மேடம்! ஒரு காலத்தில் ‘எங்க டீச்சர்’. இப்போது மேடம். ‘வந்த பொறவுதான்’ என்றால் அதற்கு முன்னே நான் அங்கே போய் என்ன மாவு ஆட்டிக்கொண்டா இருந்தேன்? பல் தேய்க்கப் பழக்கினது யார்? மூத்திரம் வந்தால் கையைப் பிடித்து இழுக்கப் பழக்கினது யார்? நாலு மாதம் ஆனது அதற்கு மட்டும். என் சேலை எத்தனை நாள் நனைந்திருக்கிறது! யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? ஒருத்திக்கும் இல்லை.

வீட்டுக்கு வந்து இதை இவரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் கைலாசம் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “பிள்ளைக்கு நல்லாயிருக்குன்னு தானே சொல்லுதா? ஒனக்கு என்ன?” என்றார். எனக்கு என்னவா! குழம்பில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டேன். சாப்பிடட்டும்.

ஜூன் 24, செவ்வாய்

உத்தரவு போட்டுவிட்டேன்.

திருமதி சண்முகப்பிரியா, இலஞ்சி மையத்திலிருந்து சிவகிரி மையத்துக்கு. காரணம்: நிர்வாக நலன் கருதி. இலஞ்சி மையத்தை மறு நியமனம் வரை நானே கூடுதல் பொறுப்பாகக் கவனித்துக்கொள்வேன்.

மாவட்ட அதிகாரி படித்துவிட்டு, “நீங்களே ஃபீல்டுக்குப் போறீங்களா? இந்த மனசு யாருக்கு வரும்!” என்றார். தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்.

இதில் தப்பு என்ன? சிவகிரிக்கு ஆள் வேண்டும், நிஜம். இருக்கிறவர்களில் கெட்டிக்காரி அவள், நிஜம். மற்றவர்களுக்கெல்லாம் கைக்குழந்தை, வயதான மாமியார், கர்ப்பம். இவளுக்குத் தென்காசியிலிருந்து பஸ் இருக்கிறது. யார் வந்து கேட்டாலும் ஃபைலில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்க முடியாது.

பிறகு ஏன் எனக்கு இன்று சோறு இறங்கவில்லை?

ஜூன் 26, வியாழன்

பிரியா வந்தாள். அழுவாள், கெஞ்சுவாள் என்று நினைத்து அதற்குப் பதில் எல்லாம் தயார் பண்ணி வைத்திருந்தேன். அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

“ஒரு வாரம் நீங்களும் என்கூட இலஞ்சிக்கு வாங்க மேடம். ரெண்டு பேரும் சேந்து இருந்து பிள்ளைகள ஒங்ககிட்ட பழக்கி விட்டுருவோம். மத்த பிள்ளைக சமாளிச்சுக்கும். மாரிதான்...”

“மாரிய எனக்கு நீ சொல்லித் தரப் போறியா? நீ காலேஜ் படிக்கும்போதே அவ எம் மடியில கெடந்தவ.”

அவள் முகம் சுருங்கிப்போனது. “அதுக்கில்ல மேடம்” என்றாள். திங்கட்கிழமையே சிவகிரியில் சேர்ந்துவிடச் சொல்லி அனுப்பினேன்.

ஒவ்வொரு பயிற்சியிலும் மைக்கைப் பிடித்து நான் சொல்வது இதுதானே: “ஆள் மாறும்போது பிள்ளையைத் திடீரென்று விடக் கூடாது. பழைய டீச்சரும் புது டீச்சரும் சில நாள் சேர்ந்தே இருக்கணும்.” படம் எல்லாம் போட்டுக் காட்டுவேன். அது ஊருக்கு. எனக்கு எதற்கு? நான் என்ன புது ஆளா?

ஜூலை 1, செவ்வாய்

பிச்சிப்பூ வைத்துக்கொண்டு போனேன். அந்தப் பழைய வாசனை அவளுக்குள் எங்காவது இருக்கும் என்று ஒரு நப்பாசை.

மாரி வாசலுக்கு வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். குழாயடிக்கு ஓடினாள். சாரலில் ஏற்கெனவே நனைந்து நடுங்குகிற பிள்ளை, தண்ணீரில் விளையாட விட்டால் காய்ச்சல் வருமே என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். அவ்வளவுதான். அலறினாள் பாருங்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் ஜன்னலுக்கு வந்துவிட்டன. மடியில் இழுத்து உட்கார வைத்தேன். பழைய பாட்டைப் பாடினேன். என் கொண்டையைப் பிடித்து இழுத்தாள், பூ தரையெல்லாம் சிதறியது. தன் கையைத் தானே கடித்தாள். விடுவிக்கப் போன என் கையையும் கடித்தாள்.

ஆயா இசக்கி மருந்து போட்டுவிட்டுச் சொன்னாள்: “பிரியா டீச்சரத் தேடுதா மேடம்.”

எனக்குத் தெரியாதா! நீ வேற எதுக்குட்டி அதச் சொல்லுதே?

ஜூலை 4, வெள்ளி

இன்றும் அப்படியே. உள்ளே வர மாட்டேன் என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு தலையை முட்டினாள். நெற்றியில் இத்தனை பெரிய வீக்கம்.

சுந்தரபாண்டியன் சார் வந்து நின்றார். “தப்பா எடுக்காதிய மேடம். இந்த நெலமையில கிளாஸ்ல உக்கார வைக்க முடியாது. மத்த பிள்ளைகளோட அம்மாமாரு சண்டைக்கு வந்துருவாவ. பேசாம வீட்டுவழிக் கல்வியில மாத்திருங்க. வாரம் ஒருக்க யாராவது வீட்டுக்குப் போயி பாத்துக்கிடட்டும். ஒங்க கையெழுத்து தானே?”

என் கையெழுத்துத்தான். அதைப் போட்டால் மாரி வீட்டோடு. மாடத்தி களத்துக்குப் போக முடியாது. பள்ளிக்கூடம் என்பது அந்தப் பிள்ளைக்கு இனி சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற சத்தம் மட்டும்தான். பதினைந்தாம் தேதிக்குள் முடிவு சொல்லுங்கள் என்றார்.

ஜூலை 9, புதன்

மாரி மையத்துக்கு வருவதில்லை. மாடத்தி போனை எடுப்பதில்லை.

ஜூலை 11, வெள்ளி

சிவகிரியிலிருந்து போன். யாரோ சொரிமுத்து, காது கேளாத பையனின் அப்பாவாம். “நல்ல டீச்சரா அனுப்பி வச்சிய மேடம்! ரெண்டு வாரத்துல என் மவன் கையால பேசிக்காட்டுதான். அந்தம்மா சாமி மேடம்.”

சாமியாம். போன இடத்திலும் கோயில் கட்டிவிட்டாள். நான் அனுப்பினது எதற்கு, அங்கே நடப்பது என்ன! போனை வைத்துவிட்டு அந்தப் பையனுக்காகச் சந்தோஷப்பட முயற்சி பண்ணிப் பார்த்தேன். வரவில்லை. ஒரு செவிட்டுப் பிள்ளை பேசுகிறான், அதைக் கேட்டு எனக்கு வயிறு பற்றி எரிகிறது. சீ, நான் என்ன ஜென்மம்?

ஜூலை 13, ஞாயிறு

மாடத்தி வீட்டுக்குப் போனேன். மாரி மூலையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் கடித்த தடம். நான் வாசலில் நிற்பது தெரிந்ததும் காதைப் பொத்திக்கொண்டாள். என்னைப் பார்த்துத்தான்.

மாடத்தி உட்காரச் சொல்லவில்லை. “வேலைய விட்டுட்டேன்” என்றாள். பிறகு, “ஏன் மேடம் அவியள மாத்துனிய? நாங்க ஏதும் தப்பு பண்ணிட்டமா?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தன் பேரில்தான் ஏதோ தப்பு என்று பயந்து கேட்டாள்.

நிர்வாக நலன் என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

வீட்டில் வந்து அழுதேன். இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “ஏளா, அந்தப் பிரியா மேல ஒனக்குப் பொறாம. நீ அன்னைக்கி உப்பள்ளிப் போட்டப்பவே எனக்குத் தெரியும்” என்றார்.

“ஆமா! பொறாமதான்! எம் பிள்ளைய அவ எடுத்துக்கிட்டா!”

“ஒம் பிள்ளையா? மாடத்தி பிள்ளைலா?”

எழுந்து போய் முகம் கழுவினேன். மனுஷன் பேசாமல் இருந்து இருந்து ஒருநாள் பேசினால் இப்படித்தான்.

ஜூலை 14, திங்கள்

பிரியாவுக்குப் போன் பண்ணினேன். எடுக்க மாட்டாளோ என்று பயம். எடுத்தாள். உத்தரவை ரத்து பண்ணினால் சிவகிரியில் மறுபடி பூட்டுத்தான், அந்தப் பையன் என்ன ஆவான்? அதனால் வாரம் இரண்டு நாள் இலஞ்சிக்கு மாற்றுப்பணி போடுகிறேன், மாரியை என்னிடம் மாற்றிவிடுவதற்கு வருவாயா என்று கேட்டேன்.

“மாரி சாப்பிடுதாளா மேடம்?” என்றுதான் முதலில் கேட்டாள். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஹெச்.எம்.மிடம் ஆகஸ்ட் கடைசி வரை தவணை வாங்கினேன். காலில் விழாத குறை.

ஜூலை 16, புதன்

பிரியா ஒன்றும் மந்திரம் பண்ணவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். மாரி வந்து அவள் துப்பட்டாவைப் பிடித்தாள். பிறகு குழாயடிக்குப் போய் இரண்டு காலையும் நனைத்தாள், செருப்பைச் சுவரைப் பார்க்க வைத்தாள், உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். அலறலும் இல்லை, ஒன்றும் இல்லை.

“காலை நனைக்காம எந்த எடத்துக்குள்ளயும் போக மாட்டா மேடம். போன வருசம் சீசன்லதான் ஆரம்பிச்சது. அதத்தான் அன்னைக்கிச் சொல்ல வந்தேன்.”

சொல்லத்தான் வந்தாள். நான்தான் மடிக் கதை பேசி அனுப்பினேன். என் மடியில் கிடந்தது இரண்டரை வயதுப் பிள்ளை. இந்த எட்டு வயதுக்காரியை எனக்குத் தெரியவே தெரியாது.

நாள் முழுக்கக் கடைசியில் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஆசிரியையிடம் என் உத்தரவின் பேரில் நான் பாடம் படிக்கிறேன். எரிச்சலாகத்தான் இருந்தது, இல்லை என்று எழுதினால் பொய்.

ஆகஸ்ட் 6, புதன்

பிரியா வராத நாள். நான் தரையில் உட்கார்ந்தேன். மாரி காலை நனைத்தாள், என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். தொடவில்லை. ஆனால் போனாள்!

மாடத்தி மறுபடி களத்துக்குப் போகிறாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

மூன்றாம் வகுப்பு, ஒரு மணி நேரம். நடுவில் ஒரு தடவை எழுந்து ஓடினாள். திரும்பி வந்தாள். என் கையெழுத்துக்காக எடுத்து வைத்திருந்த வீட்டுவழிக் கல்விப் படிவத்தை, இனி வேண்டாம் என்று ஹெச்.எம். என்னிடம் கொடுத்துவிட்டார்.

செப்டம்பர் 10, புதன்

தென்காசியில் மாதாந்திரக் கூட்டம். முடிந்ததும் பிரியா, “மாரிய ஒரு எட்டு பாத்துட்டுப் போறேன் மேடம்” என்றாள். சிவகிரியே போதும், இனி இலஞ்சிக்கு வரவேண்டாம் என்று போன மாதமே நான் சொல்லியிருந்ததால் அவள் மாரியைப் பார்த்து மூன்று வாரம் இருக்கும். நானும் கூடப் போனேன்.

வகுப்பு ஜன்னலுக்கு வெளியே இரண்டு பேரும் நின்றோம். மாரி இரண்டாவது வரிசையில். பக்கத்தில் ரெட்டைச் சடை போட்ட ஒரு வாயாடி, டீச்சருக்குத் தெரியாமல் மாரியின் நோட்டில் கோழி வரைந்துகொண்டிருந்தாள். மாரி அந்தப் பெண்ணின் சடை நுனியைப் பிடித்துக்கொண்டு கோழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரியா மெதுவாகக் கூப்பிட்டாள். மாரி திரும்பினாள், எங்களைப் பார்த்தாள், மறுபடியும் கோழியைப் பார்த்தாள்.

“கழுத, எந்திரிச்சுக்கூட வரல பாருங்க மேடம்” என்று பிரியா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. “யாரு அந்தப் பிள்ள? எப்போ இருந்து பக்கத்துல உக்காருதா?” என்று கேட்டாள். அவள் கேட்ட விதம் இருக்கிறதே, அது எனக்கு நன்றாகத் தெரிந்த விதம்.

“இப்போ தெரியுதா, ஒன்ன எதுக்கு சிவகிரிக்கு அனுப்புனேன்னு?” என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது.

அவள் என்னையே பார்த்தாள். புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்த பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் எனக்கு இரண்டு அடி முன்னாலேயே நடந்தாள். மன்னிப்புக் கேட்டேன், காதில் விழாதது போலப் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

சிவகிரி பஸ் கிளம்பும்போது ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“அடுத்த கூட்டத்துக்கு வரும்போது நான் மட்டும் போயி அவளப் பாத்துக்கிடுதேன் மேடம். நீங்க வராண்டாம்.”

வயிறு எரிந்தது. தலையை ஆட்டினேன்.