மின்விசிறியும் முழு வாக்கியமும்

ரிங்கியின் அம்மாவுக்கு,

உன் முதுகுவலி குறைந்ததா? எருமை கன்று போட்டதா?

கான்பூரில் நான் நலம். கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே. இடது கையால் எழுதுகிறேன்.

எங்கள் ஆங்கிலப் பயிற்சி மையத்தின் சட்டம் உனக்குத் தெரியும். வகுப்பில் யாரும் இந்தி பேசக்கூடாது. திங்கட்கிழமை நான் பலகையில் இறந்தகால விதிகளை எழுதிக்கொண்டிருந்தபோது, என் மாணவர் துணிக்கடை லல்லன் எழுந்து வாயைத் திறந்தார், மூடினார். "யோசிச்சு முழு வாக்கியமா சொல்லுங்க" என்றேன். அவர் யோசித்து முடிப்பதற்குள் மின்விசிறி என் வலது தோளில் விழுந்துவிட்டது.

"ஆடறத அப்பவே பாத்தேன் மாஸ்டர்ஜி. எந்தக் காலத்துல சொல்றதுன்னுதான் புரியல" என்று ஆஸ்பத்திரியில் இந்தியில் அழுதார்.

மைய முதலாளி குப்தாஜிக்கு ஒரே பெருமை. என்னிடம் சொன்னார்: "பாத்தீங்களா துபேஜி, உசிரு போற நேரத்துலகூட நம்ம ஸ்டூடண்ட் இந்தி பேசல!"

கடுகெண்ணெய் ஒரு பாட்டில் அனுப்பு. தோளில் இடது கை எட்டும்வரை தேய்த்துக்கொள்கிறேன்.

போன மாதம் என் புத்தகத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் கடிதம் எழுதியிருந்தாய். ஒரு பிழைகூட இல்லை. ஆனால் அதில் நீ என்னை ஒருமுறைகூடத் திட்டவில்லை. அடுத்ததை நம் வீட்டுப் பேச்சான போஜ்புரியிலேயே எழுது.

வகுப்பு மணி அடித்துவிட்டது.

ரிங்கியின் அப்பா