நடுவில் வைத்தால் பறந்துவிடுகிறது

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் அக்காவின் வலது கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது. அது திரும்ப வராது. இன்று காலை கண் மருத்துவர் எங்கள் இருவரையும் எதிரில் உட்காரவைத்துச் சொன்னது இது. இடது கண்ணிலும் ஆரம்பித்திருக்கலாம் என்கிறார். அது இன்னும் உறுதியாகவில்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் சமையலறைக்குக் கேட்கும். உனக்குத் தெரியக் கூடாது என்பது அவள் உத்தரவு. "அவன் அங்க தனியா கெடந்து தவிப்பான். கேமரா குடுத்ததுக்குத் தன்னையே திட்டிக்குவான்" என்றாள். உத்தரவை மீறித்தான் எழுதுகிறேன். காரணம் இருக்கிறது. அதற்கு முன் நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

போன விடுமுறைக்கு வந்தபோது உன் பழைய கேமராவை அவளிடம் விட்டுவிட்டுப் போனாய் அல்லவா? கொஞ்ச நாள் அதை மேசைமேல் வைத்துத் துணி போட்டு மூடியிருந்தாள். பிறகு பால்கனிக்கு வரும் காக்கையில் ஆரம்பித்தாள். காக்கை பொறுமைசாலி, ரொட்டித் துண்டு இருக்கும்வரை நகராது. அப்புறம் நீர்த்தேக்கத்துக்கு ஞாயிறுதோறும் போகும் பறவைக் குழுவில் சேர்ந்துகொண்டாள். கேமரா ஸ்டாண்டைச் சுமப்பதும், சருகு மிதிபடாமல் நடப்பதும், வாயை மூடிக்கொண்டு இருப்பதும் என் வேலை. கடைசியாகச் சொன்னதுதான் எனக்குக் கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

குழுவை நடத்துபவர் ஒரு பல் மருத்துவர். வாரமெல்லாம் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்பவர், ஞாயிற்றுக்கிழமை தன் வாயை மூடுவதேயில்லை. ஆனால் நன்றாகச் சொல்லித் தருகிறார். வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். பறவை இருக்கும் உயரத்துக்கு நீங்கள் குனியுங்கள். கேமராவின் துளை வழியே பார்த்தால் நடுவில் ஒரு சின்னக் கட்டம் தெரியும், அதைப் பறவையின் கண்மேல் வையுங்கள். பொத்தானைப் பாதி அழுத்தினால் ஃபோகஸ் அங்கே நிற்கும், பிறகு முழுக்க அழுத்துங்கள். கண் மட்டும் துல்லியமாக விழுந்துவிட்டால் படத்தில் மற்ற எதையும் மன்னித்துவிடலாம் என்பார்.

உன் அக்காவின் படங்களில் பறவை எப்போதும் ஓரத்தில்தான் இருந்தது, அதுவும் மங்கலாக. நடுவில் கிளையோ கம்பமோ முடிச்சு முடிச்சாகத் தெளிவாக விழுந்திருக்கும். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் எல்லோருக்கும் இப்படித்தான் என்று குழுவில் ஆறுதல் சொன்னார்கள். பல் மருத்துவர் ஒரு படி மேலே போய், "நீங்கல்லாம் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி நட்டநடுவுல நிறுத்துறீங்க. இந்த அம்மாவப் பாருங்க, பறவை பறந்து போறதுக்கு இடம் விட்டு எடுக்கறாங்க" என்று எல்லோர் முன்னிலும் பாராட்டினார். அன்று வீட்டுக்கு வந்ததும் நான் கேட்காமலே இரண்டாவது காபி கிடைத்தது.

மங்கலுக்குத்தான் வழி தெரியவில்லை. ஷட்டர் வேகத்தைக் கூட்டிப் பார்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள். லென்ஸில்தான் கோளாறு என்று நான் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் எதிர்க் கடையின் பெயர்ப்பலகையை ஒரு படம் எடுத்துக் காட்டினார். எழுத்தெல்லாம் கத்தி மாதிரி இருந்தது. "கேமராவுல ஒண்ணும் இல்ல சார், அம்மாவுக்குக் கை பழகணும், அவ்வளவுதான்" என்றார். அதைக் கேட்டு நிம்மதியாகத் திரும்பி வந்தேன்.

போன ஞாயிறு நீர்த்தேக்கத்தின் மதகுப் பக்கம் ஒரு மீன்கொத்தி வந்தது. தண்ணீரில் நட்ட கம்பத்தின்மேல் எங்களுக்கு முகம் காட்டி உட்கார்ந்தது. அவ்வளவு பக்கத்தில் அது வந்ததே இல்லை. குழுவில் மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள், நாங்கள் இருவர்தான். அவள் மெதுவாகக் கேமராவைத் திருப்பினாள், நிறுத்தினாள், அழுத்தாமலே முகத்தை எடுத்துவிட்டாள்.

"நடுவுல வெச்சா பறந்துடுதுங்க" என்றாள்.

மீன்கொத்தி அதே கம்பத்தில்தான் உட்கார்ந்திருந்தது.

இன்னொரு தரம் பார் என்றேன். பார்த்தாள். அது அலகைக் கம்பத்தில் தேய்த்துக்கொண்டிருந்தது. "மறுபடியும் போயிடுச்சு. என்னைக் கண்டாலே ஆகல அதுக்கு" என்று சிரித்தாள். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார் என்று சொன்னேன். விளையாட்டு என்று நினைத்து மூடினாள். சிரிப்பு மெல்ல நின்றுபோனது. என் முகம் இருக்க வேண்டிய இடத்தில் அவளுக்கு என்ன தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. ஸ்டாண்டை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை நடந்தோம்.

இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது இடது கண் வலதின் குறையை மூடிவிடுகிறதாம். கேமராவுக்குப் பின்னால் வலது கண் தனியாக மாட்டிக்கொண்டது. பறவையை நடுவில் வைத்தால் மறைந்துவிடுகிறது என்பதால், தெரிகிற ஓரத்துக்கு அவள் தன்னையறியாமல் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறாள். மருத்துவர் இதை ஒரு தாளில் வரைந்து விளக்கினார். உன் அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப இடது கண்ணால எடுக்கலாமா?" என்று கேட்டாள். அவர் வரைந்த தாளை மடித்து அவள் கையில் கொடுத்தார். பிறகு, எடுங்கம்மா என்றார்.

மத்தியானத்திலிருந்து பால்கனியில் நின்று பழகுகிறாள். இடது கண்ணை வைத்தால் மூக்கு போய்க் கேமராவின் பின்பக்கத் திரையில் இடிக்கிறது. கேமரா செய்தவன் வீட்டில் யாருக்கும் மூக்கே கிடையாதா என்று திட்டுகிறாள். இதை எழுதும்போதும் அந்தச் சத்தம் கேட்கிறது. எந்த அலுவலகத்தில் யாரைப் பிடித்தால் காரியம் நடக்கும் என்று தெரிந்துவைத்தே செய்தித்தாள் வேலையில் காலம் தள்ளியவன் நான். இன்று போனைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கூப்பிடுவதற்கு ஒருவரும் இல்லை.

இனி காரணம். மருத்துவர் என்னை மட்டும் வாசலில் நிறுத்தி, அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டார். இது சில குடும்பங்களில் ரத்தத்தோடு வருவது. சீக்கிரம் பிடித்தால் ஊசி போட்டு நிறுத்திப் பார்க்கலாம், விட்டால் முடியாது என்றார்.

வீட்டுக்கு வந்து, நீ துறைமுகத்திலிருந்து அனுப்பிய நாரைப் படங்களை எடுத்துப் பார்த்தேன். மாப்பிள்ளை, பெரும்பாலான படங்களில் நாரை இடது ஓரத்தில் நிற்கிறது. நடுவில் கப்பலைக் கரையோடு கட்டும் கயிறு, இழை இழையாகத் தெளிவாக இருக்கிறது. இதிலிருந்து நான் எந்த முடிவுக்கும் வரவில்லை. பறவைக்கு இடம் விட வேண்டும் என்று நீ எங்காவது படித்திருக்கலாம். உன் புதுக் கேமராவில் கட்டத்தை ஓரத்துக்கு நகர்த்தத் தெரியாமல் இருக்கலாம். இங்கே உட்கார்ந்துகொண்டு இது எதையும் என்னால் உறுதிசெய்ய முடியாது.

இதைப் படித்து முடித்ததும் இடது கண்ணை மூடிக்கொண்டு உன் அறைக் கதவின் நிலைச்சட்டத்தைப் பார். கோடு நேராக இருக்கிறதா, நடுவில் வளைகிறதா, அழிகிறதா என்று பார். பிறகு மற்றக் கண்ணாலும் பார். எப்படித் தெரிந்தாலும் கண் மருத்துவரிடம் போ. அந்தரத்தில் கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே நிற்கிறவர்கள் தலைக்கு மேலே சரக்குப் பெட்டி இறக்குகிறவன் நீ. கண்ணில் குறை என்று காகிதத்தில் ஏறினால் கூண்டிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று நீ நாளைக் கடத்துவாய். உன் இடத்தில் நான் இருந்தாலும் கடத்துவேன். கடத்தாதே.

வியாழக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பில் சாயம் செலுத்தி அவள் இடது கண்ணைப் படம் எடுக்கிறார்கள். முடிவு வெள்ளிக்கிழமை மாலை கைக்கு வரும். உன் முடிவு எப்போது வரும் என்பதை நீதான் சொல்ல வேண்டும். அக்காவுக்குத் தெரியாமல் எழுது. இல்லை, தெரிந்தாலும் பரவாயில்லை, எழுது. நீ நன்றாக இருக்க வேண்டும். நன்றாக இருக்கிறாய் என்று நான் அவள் காதில் சொல்லும்படி ஒரு வரி அனுப்பு.

உன் நலமே கேட்டுக் காத்திருக்கும்,
அத்தான்