பாட்டு முழுவதும் நின்ற உன் குழல்

மச்சான்,

இன்று காலை கடையில் முருங்கைக்காய்ப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். காலநிலைச் செய்திக்காக முதலாளி எப்போதும் போட்டுவைத்திருக்கும் பிரெஞ்சு வானொலியில் ஒரு கித்தார் தொடங்கியது. பிறகு டிரம்ஸ். பிறகு நீ. கையிலிருந்த காய்களை அப்படியே வைத்துவிட்டு நின்றேன். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, இதென்ன, பிரெஞ்சு ரேடியோவிலை எங்கடை நாதஸ்வரம் கேக்குது?"

"ஓம் அம்மா, எங்கடை நாதஸ்வரந்தான்" என்றேன்.

பாட்டு முடியும்வரை அவர் காசு கட்ட வரவில்லை. அவ்வளவு நேரமும் லா ஷப்பல் கடைத்தெரு முழுவதற்கும் நானே முதலாளி என்பதுபோல நின்றேன். அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தப் பாட்டை வாசித்த இசைக்குழு உன்னைக் கண்டுபிடித்ததும் இதே தெருவில்தானே. ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் தேர் வந்துகொண்டிருந்தது. வேட்டியும் வியர்வையுமாக நீ முன்னால் ஊதிக்கொண்டு வந்தாய். வார நாட்களில் ஒபர்வில்லியே கிடங்குகளிலிருந்து வேனில் சாமான் ஏற்றிவந்து எங்கள் கடைகளில் இறக்குகிறவன், குழலைக் கையில் எடுத்துவிட்டால் வேறு ஆள். தண்ணீர் குடிக்க நீ ஒதுங்கியபோது செந்தாடிக்காரன் ஒருவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். தன் பெயர் யான் என்றான். நாட்டின் மேற்குக் கோடியிலுள்ள பிரெத்தாஞ் கடற்கரைக்காரன். தன் ஊர்ப் பழம் ஆட்டப்பாட்டுகளை மின்கித்தாரோடும் டிரம்ஸோடும் வாசிக்கும் குழு ஒன்று வைத்திருந்தான். பைக்குள்ளிருந்து கறுப்பு மரக்குழல் ஒன்றை எடுத்து நீட்டினான். முழங்கை நீளம்கூட இல்லை. வாயில் நம் சீவாளி போலவே நாணல். அதற்குப் பொம்பார்து என்று பெயர்.

"இதென்னடா, என்ரை குழல் போட்ட குட்டியே?" என்று கேட்டாய்.

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் யான் விழுந்து விழுந்து சிரித்தான். நீ ஊதின முதல் மூச்சிலேயே அந்தக் குட்டி பேசிவிட்டது. அவன் உன் குழலை வாங்கிக் கன்னம் வீங்க ஊதிப் பார்த்தான். வெறும் காற்றுத்தான் வந்தது. அங்கேயே உன்னைத் தன் இசைத்தட்டுக்குக் கேட்டுவிட்டான்.

கோயில் குழலைக் கொண்டுபோய் றொக் பாட்டுக்கு ஊதலாமோ என்று கடை வாசலில் சிலர் கேட்டார்கள். "கலியாண மண்டபத்திலை கேக் வெட்டேக்கையும் இதாலைதான் ஊதினனான். அப்ப ஒருத்தரும் கேக்கேல்லையே" என்றாய். பிறகு யாரும் கேட்கவில்லை.

ஒலிப்பதிவுக் கூடத்துக்கு மொழிபெயர்ப்பாளனாக என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். அங்கே அவர்கள் பாட்டை ஏற்கெனவே பதிந்து வைத்திருந்தார்கள், தங்கள் சுருதியில். உன் குழலின் சுருதி வேறு. ஒலிப்பதிவாளர் கவலைப்படவில்லை. நீ ஊதியதன் சுருதியைக் கணினியில் இறக்கி, பாட்டின் தொடக்கத்தில் சில நொடிகள் ஒட்டிக் காட்டினார். கீழைத்தேய மணம் கொஞ்சம் வந்தால் போதும் என்றார். எங்கோ கிணற்றுக்குள் வாத்து கத்துவதுபோல் இருந்தது. நீ காதுக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்தாய்.

"மச்சான், நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. சீனி போடாதை."

"சொல்லு."

"பாட்டு முழுக்க நிக்கிறதெண்டால் நிக்கிறன். வாசத்துக்குத் தூவுறதெண்டால் கறிவேப்பிலை உன்ரை கடையிலை கிடக்கு, வந்து வாங்கச் சொல்லு. மற்றது, உது என்ரை சத்தம் இல்லை. என்ரை குழலைத் திருகேலாது. பாட்டைத்தான் திருகோணும்."

கறிவேப்பிலையையும் சேர்த்தே சொன்னேன். கித்தார், அக்கோர்தியோன், பாடல் எல்லாவற்றையும் மறுபடி பதிய வேண்டிவரும் என்று ஒலிப்பதிவாளர் மெதுவாகச் சொன்னார். நல்வார்த்தை சொல்லி நம்மை அனுப்பிவிடப்போகிறார்கள் என்று நினைத்து நான் என் மேலங்கியைக்கூட எடுத்துவிட்டேன். நீ மட்டும் அசையாமல் குழலைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

யான் இரண்டு பதிவுகளையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பாடகியிடம் மேலே ஏறிப் பாட முடியுமா என்றான். அவள் முணுமுணுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். "அப்படியானால் நாங்கள் அவருடைய சுருதிக்குப் போகிறோம்" என்று அவன் சொன்னதை உனக்குத் தமிழில் இரண்டு தரம் சொன்னேன். நீயோ, "அப்ப நாளைக்கு எத்தினை மணிக்கு வாறது எண்டு கேள்" என்றாய்.

அன்று சாப்பாட்டு வேளையில் யான் தன் தாத்தாவைப் பற்றிச் சொன்னான். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சை விட்டுச் சொந்த மொழியில் பேசியதற்காக அடி வாங்கியவர். அந்த மொழியில்தான் இந்தப் பாட்டுகளெல்லாம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் காது கொடுக்கட்டும் என்றுதான் கித்தாரையும் டிரம்ஸையும் சேர்த்தேன் என்றான். நீ அவன் தட்டில் இன்னொரு றோல்ஸை வைத்துவிட்டு, "இவன் எங்கடை ஆள்தான்" என்றாய். அதை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

இசைத்தட்டு வந்ததும் என் வீட்டில் இருவரும் உட்கார்ந்து முழுவதையும் கேட்டோம். சில பாட்டுகள் வானொலியில் ஓடும் பாட்டுகளைப் போலத் துள்ளின. சிலவற்றில் கடற்காற்று மட்டும்தான். உன் பாட்டில் பொம்பார்து கேட்கும், நீ பதில் சொல்வாய். இரண்டும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் கடைசிவரை போகும். "பழசைப் புதுசுக்குள்ளை கரைக்கேல்லை, பாத்தியே? பக்கத்திலை பக்கத்திலை நிக்க விட்டிருக்கிறாங்கள்" என்றாய். இசை விமர்சகர் எவரும் அதைவிட நன்றாகச் சொல்லி நான் படிக்கவில்லை.

நீ பயிற்சி செய்யும்போது அறைக்கதவைச் சாத்திக்கொண்டவள் உன் மகள். தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்பவள். ஆர்ஜொந்தெய் ரயிலில் காதுக்குள் அந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டு போனவள், வகுப்புத் தோழிகள் எல்லோருக்கும் அதை அனுப்பி, கீழே "இது என் அப்பா" என்று மட்டும் எழுதியிருந்தாள். கைபேசியை என்னிடம் நீட்டி அதை நீ வாசிக்கச் சொன்னாய். நான் வாசித்தேன். திரும்பவும் வாசிக்கச் சொன்னாய்.

இருமல் அதற்குப் பிறகுதான். நுரையீரலில் கட்டி என்றார்கள். வெளியீட்டுக் கச்சேரி நெருங்கியபோது உனக்குப் படியேறவே மூச்சுப் போதவில்லை. அந்தப் பாட்டை விட்டுவிடலாமா என்று யான் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"விடப்படாது. என்ரை பகுதியையும் நீயே ஊது. நான் பாடிக் காட்டுறன்."

சேன்-லசார் நிலையத்திலிருந்து ரயிலேறி ஆர்ஜொந்தெய்யில் உன் வீட்டுக்கு யான் வந்து வந்து போனான். நீ கட்டிலில் சாய்ந்தபடி பாடுவாய். அவன் தன் பொம்பார்தில் ஊதுவான். "வழுக்கிக்கொண்டு போ, குதியாதை" என்பாய். அவனுக்கு விரலும் வாயும் நோகும். ஒருநாள் அவன் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் அந்த வளைவைச் சரியாகப் பிடித்துவிட்டான். நீ அவன் கன்னத்தைத் தட்டினாய்.

கச்சேரியன்று மேடையில் உனக்கு நாற்காலி போட்டார்கள். பட்டுவேட்டி கட்டி உட்கார்ந்து, தொடையில் தாளம் போட்டபடி, உன் பகுதியை அவன் ஊதக் கேட்டாய். சபை எழுந்து கைதட்டியபோது யான் உன்னைத்தான் காட்டினான். நீ கும்பிடவில்லை, குனியவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாய். அன்று நான் உன்னைப் பார்த்த பார்வையில் கண்ணீர் இருந்தது. ஆனால் துக்கம் இருக்கவில்லை. இலையுதிரும் முன்னே நீ போய்விட்டாய்.

போன மாதம், ஒரு ஞாயிறு பிற்பகல், பிரெத்தாஞ்காரர்களின் ஆட்டவிழாவில் அந்தக் குழு வாசித்தது. சின்னவிரலோடு சின்னவிரல் கோத்து நீண்ட சங்கிலியாக ஆடுவார்கள், உனக்குத் தெரியும். பாட்டுக்கு முன் யான் உன் முழுப்பெயரையும், உன் அப்பா பெயரோடு, ஓரெழுத்தும் பிசகாமல் சொன்னான். எவ்வளவு நாள் சொல்லிப் பழகினானோ. சுருதி உன்னுடையதுதான். அதை அவர்கள் மாற்றவேயில்லை.

சுவரோரம் நின்ற என்னிடம் உன் மகள் வந்தாள். "மாமா, வாங்கோ" என்று சங்கிலிக்குள் இழுத்தாள். தமிழில்தான் சொன்னாள்.

எனக்கு அந்த அடி பிடிபடவில்லை. என் மறுபக்கத்து விரலைக் கோத்திருந்த முதியவர் பொறுமையாகக் காட்டித் தந்தார். பிறகு என் காதருகே குனிந்து, "அந்தக் குழல்காரர் உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார்.

"என் நண்பன்" என்றேன்.

டிரம்ஸ் உரத்திருந்தது. அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன், அந்த வரிசை முழுவதும் திரும்பிப் பார்க்கும்படியாக.