ரோபோவுக்கு அடியில் ஒரு குரல்

மார்ச் 11, செவ்வாய்

காலையிலிருந்தே மழை. கொமுட்டர் ரயில் தாமதம். கிள்ளானில் என் பாட்காஸ்டுக்காக ஒரு பெண்ணின் பேட்டி, பதினான்கு நிமிடம்; பெயர் வேண்டாம், இங்கே க. என்று மட்டும். அவர் வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலையில் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றிவிட்டு இயந்திரத்தை ஓட்டுகிறார்களாம். படங்களும் தந்தார். ஒரே நிபந்தனை: குரல் தெரியக் கூடாது. தெரிந்தால் வேலை போய்விடும். தனியாக மகளை வளர்ப்பவர்.

வாங்க வேண்டியவை: பேட்டரி, இருமல் மருந்து.

மார்ச் 12, புதன்

பிரிக்பீல்ட்ஸ். மாடியில் ரவியின் ஒலிப்பதிவு அறை. கணினியில் சிந்தசைசர் மென்பொருள். க.வின் பேச்சை அதற்குள் செலுத்தினால் இயந்திர ஓசை அதே சொற்களைப் பேசுகிறது. நல்ல ரோபோ. ஆனால் பாதி புரியவில்லை. ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்றேன். மூன்று முறை.

“ஓகே லா அண்ணே, பண்ணிடலாம்.”

சுவரில் அதே தொழிற்சாலையின் காலண்டர். ஏன்? கேட்கவில்லை. குறித்துக்கொண்டேன்.

மார்ச் 13, வியாழன்

ரவி முடித்துத் தந்ததை க.வின் சம்மதத்துக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அழைத்தார்.

“அண்ணே, பக்கத்துல என் மக விளையாடிட்டு இருந்தா. ‘ஏம்மா ரோபோ மாதிரி பேசுற?’ன்னு கேக்குறா. அவளுக்கே தெரியுதுன்னா சூப்பர்வைசருக்குத் தெரியாதா?”

ஹெட்போனில் மறுபடி கேட்டேன். ரோபோவுக்கு அடியில், மெல்லியதாக, க.வின் சொந்தக் குரல்.

அந்தக் காலண்டர்.

மார்ச் 14, வெள்ளி

ரவியிடம் முதலில் காலண்டரைப் பற்றித்தான் கேட்டேன்.

“தங்கச்சி மாப்பிள்ளை அங்க லோரி ஓட்டுறாரு, கொடுத்தாரு. சந்தேகமா அண்ணே? தெளிவா வேணும், தெளிவா வேணும்னு மூணு தடவ சொன்னது யாரு? ரோபோ மட்டும்னா சொல்லு புரியாது. அதான் நிஜக் குரலக் கொஞ்சம் கலந்தேன்.”

கலந்த அளவு திரையிலேயே இருந்தது. மறைக்கவில்லை. தவறு என்னுடையது.

ஆனாலும் க.வின் பதிவை என் கண் முன்னால் அழிக்கச் சொன்னேன். லோரி ஓட்டுபவரின் பெயரையும் கேட்டுக் குறித்தேன்.

“எழுதுங்க, எழுதுங்க. எங்கம்மா பேரு வேணாமா?”

பிறகு க.வின் சொற்களை, ஒன்றுகூட மாற்றாமல், மைக்கின் முன் நானே படித்தேன். நடுவில் இருமல் வந்தது. ரோபோவுக்கு அடியில் இப்போது என் குரல், கலப்பு அதே அளவு. வாசித்தவர் வேறொருவர் என்று தொடக்கத்தில் அறிவிப்பு. க.வுக்கு அனுப்பியாயிற்று.

மார்ச் 15, சனி

மழை இல்லை. இருமல் விடவில்லை. மதியம் க.வின் அழைப்பு.

“மககிட்ட போட்டுக் காட்டினேன் அண்ணே.”

“என்ன சொன்னா?”

“‘இந்த ரோபோ அங்கிள் ஏன் இருமுறாரு?’ன்னு கேட்டா. வெளியிடுங்க.”