ஜெனிக்கு மிச்சமான ஒரு வருஷம்

நான் கூப்பிட்டால் அடுக்களையிலிருந்தே “இன்னா?” என்று கேட்கும் என் ஸ்டெல்லாவுக்கு,

நம் மகள் கனடாவில் முதல் வருஷத்தை முடித்துவிட்டாள். முதல் வருஷம் என்று நான்தான் சொல்கிறேன். அவளுடைய பல்கலைக்கழகம் அதை இரண்டாம் வருஷமாகவே கணக்கு வைத்திருக்கிறது. நீ சொன்னபடியே நடந்துவிட்டது. இதைச் சொல்லிச் சந்தோஷப்பட வீட்டில் ஆள் இல்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டி பக்கத்துப் பெரிய பள்ளியில் நீ வேதியியல் லேப் உதவியாளராக இருந்தாய். அங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு இடம் உண்டு என்பதால் ஜெனியும் அங்கேயே படித்தாள். பத்தாவது முடிந்ததும் அவளைச் சர்வதேச டிப்ளமோவில் சேர்க்க வேண்டும் என்று நீ பிடிவாதம் பிடித்தாய். ஊரில் எல்லாப் பிள்ளைகளும் எழுதுகிற பன்னிரண்டாவது போதாதா என்றேன் நான்.

“போதும்தாங்க. ஆனா இதுல நல்ல மார்க் வாங்கினா, காலேஜ் முதல் வருஷப் பாடத்தப் படிச்ச மாதிரியே கணக்குல எடுத்துக்குவாங்களாம். வெளிநாட்டுல நாலு வருஷப் படிப்ப மூணுல முடிச்சிரலாம்.”

“ஒரு வருஷம் மிச்சம் புடிச்சு இன்னா பண்ணப் போறோம்?”

“சீக்கிரம் ஊட்டுக்கு வந்துருவா இல்ல?”

அதற்குத்தான் நான் ஒத்துக்கொண்டேன்.

இரண்டு வருஷப் படிப்பு அது. முதல் வருஷம் முடிவதற்குள் மார்பில் வந்த கட்டி உன்னைக் கொண்டுபோய்விட்டது. உன் அடக்கம் முடிந்த பிறகு ஜெனி புத்தகங்களை அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டினாள். “நான் நின்னுக்கறேன் நைனா. அந்த லேப்புக்குள்ள கால் வெக்க முடியல. அம்மா அங்கியே நின்னுக்கினு இருக்கிற மாதிரி இருக்குது” என்றாள்.

படி என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, விடு என்று சொல்லவும் மனசு வரவில்லை. “நானும் கூட வர்றேன், வா” என்றேன். மில்லில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு அவளோடு பள்ளிக்குப் போனேன். லேப் வாசலில் உட்கார டீச்சர் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். அதில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன். வகுப்பு முடிந்து ஜெனி வந்து எழுப்பினாள். உன் மகளோடு படிக்கிற பிள்ளைகள் சிரித்தார்களாம். அவளும் சிரித்தாளாம். அந்த வாரம் முழுக்கப் போனேன். அப்புறம் அவளே, “நீ ஊட்ல படுத்துத் தூங்கு நைனா, நான் போய்க்கிறேன்” என்றாள். உள்ளே உன்னைப் பார்த்தாளா, ஏதாவது பேசினாயா? நான் கேட்டதில்லை.

அந்த டிப்ளமோவில் பிள்ளைகள் சொந்தமாக ஒன்றை ஆராய்ந்து நீளமான கட்டுரை எழுத வேண்டும். நம் பக்கத்துக் கிணறுகளில் எங்கெங்கே எவ்வளவு உப்பு என்று பார்க்கப் போகிறேன் என்றாள். அத்திப்பட்டு வரைக்கும் வண்டியில் கூட்டிப்போனேன். ஊர் ஊராகத் தண்ணீர் பிடித்தோம். ஒரு வீட்டம்மா பாட்டிலைப் பார்த்துவிட்டு, “இன்னாப்பா, கவர்மெண்ட்லேர்ந்தா?” என்று கேட்டாள். “இல்லம்மா, பாப்பாவுக்குப் பரீட்சை” என்றேன். “தண்ணியிலயா பரீட்சை?” என்று சிரித்துவிட்டு எங்கள் இரண்டு பேருக்கும் மோர் கொடுத்தாள். நீ போன பிறகு நாங்கள் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவை.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நல்ல மார்க், கனடாவில் உதவித்தொகையோடு இடம், விமான நிலையம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்க் கையாட்டினாள். நான் திரும்பி வந்து ஒரு டம்ளர் அரிசி போட்டேன். அதுவும் மிஞ்சியது.

வார லீவில் என்ன செய்வதென்று தெரியாமல் இப்போதெல்லாம் மில்லுக்கே போய்விடுகிறேன். “இன்னாண்ணா, லீவு நாள்ல?” என்கிறார் கேட் வாட்ச்மேன். கேண்டீனில் டீ குடிக்க வந்தேன் என்கிறேன். அவர் வேறெதுவும் கேட்பதில்லை. கேட்கிற எல்லோரிடமும் மூன்றே வருஷம்தான், வந்துவிடுவாள் என்று சொல்லி வைத்திருந்தேன்.

போன வாரம் போன் செய்தாள். “நைனா, எனக்கு ஒரு வருஷம் மிச்சமாவுது இல்ல? அத வெச்சுக் கூட இன்னொரு பாடமும் எடுத்துப் படிக்கலாம்னு சொல்றாங்க. நிலத்தடித் தண்ணியப் பத்தி. அப்படின்னா நாலு வருஷமும் இங்கதான். உனுக்கு வேணாம்னா நான் மூணுலயே வந்துர்றேன்.”

சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நன்றாகத்தான் கேட்டது, ஸ்டெல்லா.

அன்று முழுக்க மனசு பேஜாராகவே இருந்தது. உன் படத்தைப் பார்க்கவே தோன்றவில்லை. நீ அவள் பக்கம் பேசுவாயா, என் பக்கம் பேசுவாயா? சீக்கிரம் வீட்டுக்கு வருவாள் என்று சொன்னவள் நீதானே?

மறுநாள் காலையில் நானே கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். அந்தப் பாடத்தில் என்ன சொல்லித் தருவார்கள் என்று கேட்டேன். மண்ணுக்குக் கீழே தண்ணீர் எப்படி நகர்கிறது, எங்கே தங்குகிறது என்று சொல்லிக்கொண்டே போனாள். பாதி புரியவில்லை. ஆனால் அவள் குரலில் இருந்த துள்ளல் புரிந்தது. உன்னை அடக்கம் செய்த நாளிலிருந்து அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

“நாலு வருஷமும் இருந்து படிச்சிட்டே வா” என்றேன்.

“நீ தனியா இருப்பியே நைனா.”

“எனுக்கு ஷிப்ட் இருக்குதும்மா.”

நீ மிச்சம் பிடித்துக் கொடுத்த வருஷத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன். கோபமா? இருந்தால் இருக்கட்டும், வந்து திட்டிவிட்டுப் போ. அதற்காகவாவது வா.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனிமேல் அவள் போன் செய்தால் சாப்பிட்டாயா என்று கேட்பேன், குளிர் எப்படி என்று கேட்பேன். எப்ப வர்றே என்று மட்டும் கேட்கவே மாட்டேன்.

என்றைக்கும் உன் வீட்டுக்காரன்,
ஜெனியின் நைனா, அருள்