ஒரே ஆள் ஓட்டும் பிரிண்டர்

மார்ச் 3, திங்கள்

பிரிண்டர் இன்றைக்கு உயிரை விட்டது. போன வாரம் முழுக்க இழுத்துக்கொண்டுதான் இருந்தது. ஒரு திருமணச் சான்றிதழின் இரண்டாம் பக்கத்தைப் பாதி கக்கிவிட்டு, மீதியை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு சிவப்பு விளக்கைக் காட்டியது. சின்னவள் கையை உள்ளே விட்டுத் துழாவினாள்.

"முடிஞ்சுதுக்கா. உருளையே தேஞ்சு போச்சு. இதுக்கு இனி செலவு பண்ணினா தண்டம்."

சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தமே இல்லை. அதைக் கவனித்தேன்.

காத்திருந்த அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "அக்கா தங்கச்சியா?" என்று கேட்டாள். "இல்லை, ஓரகத்திங்க. இவ என் கொழுந்தன் பொண்டாட்டி" என்றேன். ஓரகத்திகள் இருவர் ஒரே அறையில் ஆறு வருடமாகத் தொழில் நடத்துகிறோம் என்றால் யாரும் நம்புவதில்லை. சான்றிதழ்களை மொழிபெயர்ப்பது நான். தட்டச்சு, அச்சு, சீல், வருகிறவர்களிடம் பேச்சு எல்லாம் அவள். பிரிண்டர் பக்கம் நான் போவதே இல்லை. அதற்கும் எனக்கும் ஆகாது.

மார்ச் 4, செவ்வாய்

புது பிரிண்டர் வாங்க வேண்டும். என் கணக்கு சுலபம்: நிறம் நிறமாக வர வேண்டும், விலை கையைக் கடிக்கக் கூடாது. சின்னவள் கணக்கு வேறு. லேசர்தான் வேண்டுமாம். கறுப்பு மட்டும் போதுமாம்.

"நாம அடிக்கிறது எழுத்து மட்டும்தானேக்கா. இங்க் ஊத்தற மெஷின்ல அடிச்சோம்னா, மேல சீல் வைக்கும்போது ஈரம் பட்டு எழுத்து கலைஞ்சு போகும்."

நியாயம்தான். ஆனால் இத்தனை நியாயத்தை ஒரே மூச்சில் ஒப்பிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு உள்ளே ஏதோ உறுத்தும். இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாள்? எப்போது? இறப்புச் சான்றிதழில்கூடக் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. காரணம் இல்லாமல் எதுவும் நடப்பதில்லை.

மார்ச் 6, வியாழன்

இருவரும் கடைக்குப் போனோம். கடைக்காரர் எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறவர். பல்லழகன் என்று பெயர் வைத்துவிட்டேன். சின்னவளைப் பார்த்ததும், "வாங்க வாங்க! அன்னைக்கு வந்தப்பவே எடுத்து வைக்கச் சொன்னீங்களே, வச்சிருக்கேன்" என்றார்.

அன்றைக்கா? என்றைக்கு? பிரிண்டர் செத்ததே திங்கட்கிழமைதான். ஆள் மூச்சை நிறுத்துவதற்கு முன்பே பாடைக்கு மூங்கில் பார்க்கப் போயிருக்கிறாள்! கேட்டதற்கு, "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்க்கா" என்றாள். மூன்று மாடி ஏறி யாரும் சும்மா வருவதில்லை.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அவள் எதையும் தொடவில்லை. எல்லாவற்றையும் என்னைச் செய்யச் சொன்னாள். "அக்கா, நீங்க அந்தத் தட்டை இழுத்துப் பேப்பர் போடுங்க." போட்டேன். "டோனரைக் கழட்டி மாட்டிப் பாருங்க." அதாவது உள்ளே மைத்தூள் இருக்கும் டப்பா. கழற்றினேன், மாட்டினேன். பரீட்சை எழுதுகிற மாதிரி இருந்தது. அவள் இயந்திரத்தைப் பார்க்கவே இல்லை, என் மணிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருடத்திலிருந்து எனக்கு அந்தக் கையில் வலி. அதை ஊரறியக் கடையில் வைத்துச் சோதிக்க வேண்டுமா?

"இதை ஓட்டறதுக்கு போன் வேணாம்தானே? மெஷின்லயே பட்டன் இருக்குல்ல?" என்று பல்லழகனிடம் மூன்று தடவை கேட்டாள். குளிக்கப் போனால்கூட போனைக் கையோடு கொண்டுபோகிறவளுக்குப் பட்டன் எதற்கு?

எனக்கு மூலையில் இருந்த பெரியது பிடித்திருந்தது. நாலு நிறம், ஸ்கேன், காப்பி எல்லாம் உண்டு. சின்னவள் திரும்பியே பார்க்கவில்லை.

"அது ரெண்டு ஆள் பார்க்கிற மெஷின்க்கா."

"ரெண்டு பேர்தானே இருக்கோம்?" என்றேன்.

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பி வந்துவிட்டோம்.

மார்ச் 7, வெள்ளி

கமிஷன். வேறென்ன?

மார்ச் 10, திங்கள்

நேற்று கொழுந்தன் மட்டும் வீட்டுக்கு வந்தார். அண்ணனும் தம்பியும் மாடிப்படியில் நின்று குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் டீ கொண்டுபோனதும் பேச்சு சட்டென்று வெயிலுக்குத் தாவியது. வெயிலைப் பற்றிக் குசுகுசுவென்று பேசுகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறேன்.

அவர் போன பிறகு இவரிடம் கேட்டேன். கமிஷன் சந்தேகத்தையும் சொன்னேன்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார். "ஒரு பிரிண்டருக்கா இவ்வளவு? அவ சொல்றதை வாங்கேன்."

என் புருஷன் பதினெட்டு வருடத்தில் என் தம்பியைப் பற்றிக்கூட நல்ல வார்த்தை சொன்னதில்லை. இவருக்கு எதற்கு ஒரு குறிப்பிட்ட பிரிண்டரின் மேல் அக்கறை? எல்லாரும் சேர்ந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள்.

மார்ச் 12, புதன்

கமிஷன் இல்லை. அதைவிட மோசம்.

மத்தியானம் சின்னவள் படிக்கட்டில் நின்று போனில் பேசினாள். கதவு சாத்தியிருந்தது, ஆனால் எங்கள் கதவு எப்போது ஒழுங்காகச் சாத்தியிருக்கிறது? தெளிவாகக் கேட்டது.

"ஒருத்தரே வச்சு ஓட்டற மாதிரி இருக்கணும்ங்க. யாரையும் உதவிக்குக் கூப்பிடாம. எனக்கு அதான் முக்கியம். விலை கூட இருந்தாலும் பரவால்ல."

உள்ளே வந்தாள். "யாருடி போன்ல?" என்றேன். "அம்மா" என்றாள். அவள் அம்மாவை வா, போ என்றுதான் பேசுவாள்.

இப்போது எல்லாம் கோத்துப் பார்த்தால் சரியாக விழுகிறது. போன வாரம் அலமாரியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். சீல் வைக்கும் மேசையைப் படம் எடுத்தாள். கேட்டதற்கு, "சும்மாக்கா." எல்லாம் சும்மா! தனிக்கடை போடப் போகிறாள். இங்கே இருக்கிற மாதிரியே அங்கேயும் அடுக்கப் போகிறாள். பாதிப் பணம் என்னைப் போடச் சொல்லி வாங்கும் பிரிண்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விடலாம் என்று நினைப்பு. அதனால்தான் சின்னதாக, லேசாக, ஒரே ஆள் ஓட்டுகிறதாக...

போகட்டும். போனால் போகட்டும்.

இல்லை, போகக் கூடாது. ஏன் போகணும்? என்கிட்ட சொல்றதுக்கென்ன? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்? ஆறு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து, அவ டப்பாவுல நானும் என் டப்பாவுல அவளும் சாப்பிட்டு... அவ இல்லாம நான் அந்த ரூம்ல என்ன பண்ணுவேன்? யார்கிட்ட பேசுவேன்?

மார்ச் 14, வெள்ளி

சின்னவள் அரை நாள் லீவு. வீட்டில் வேலையாம். நல்லதாகப் போயிற்று.

பல்லழகன் கடைப்பக்கம் போகாமல் வேறு கடைக்குப் போய், அந்தப் பெரிய பிரிண்டரையே வாங்கிவிட்டேன். நாலு இங்க் தொட்டி, கண்ணாடி மூடி, முதுகுப் பக்கம் நிமிர்த்திப் பேப்பர் வைக்கும் தட்டு. இரண்டு ஆட்கள் மூச்சிரைக்கத் தூக்கி வந்து பெட்டியைப் பிரித்து மேசைமேல் வைத்தார்கள். "ரெண்டு பேர் இல்லாம இதை அசைக்க முடியாதும்மா" என்றார் ஒருவர்.

எனக்கு வேண்டியதும் அதுதான். இப்போது இதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகட்டும், பார்ப்போம்.

மார்ச் 17, திங்கள்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

காலையில் உள்ளே வந்தவள் பிரிண்டரைப் பார்த்தாள். சண்டைக்கு நான் தயாராக இருந்தேன், வசனம்கூட மனசுக்குள் எழுதி வைத்திருந்தேன். அவள் சண்டை போடவில்லை. காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அவருக்கு மாத்தல் ஆயிடுச்சுக்கா. இந்த மாசக் கடைசியில கிளம்பறோம்."

தூரத்து ஊர். ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டிய தூரம்.

"ஆர்டர் கைக்கு வரட்டும்னுதான் சொல்லல. முன்னாடியே சொன்னா, நீ இல்லாம என்னத்தக் கடைன்னு சாத்திடுவீங்க. உங்களைத் தெரியாதா எனக்கு?"

"அதுக்கும் பிரிண்டருக்கும் என்னடி?" என்று கேட்டேன். என் புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது.

"நான் போனப்புறம் நீங்கதானே தனியா ஓட்டணும்? உங்க கைக்கு இழுக்க வர்ற தட்டா, போன்ல நோண்டாம பட்டனை அமுக்கினா ஓடற மாதிரி ஒண்ணு தேடிக்கிட்டிருந்தேன். எது எங்க இருக்குன்னு படம் எடுத்து அலமாரியில ஒட்டி வச்சிடலாம்னு..." பிரிண்டரின் பின்பக்கத் தட்டைத் தூக்கிப் பார்த்தாள். "இது உங்களுக்குக் கஷ்டம்க்கா" என்றாள்.

அவள் கமிஷன் வாங்கியிருக்கலாம். தனிக்கடை போடுவதாக இருந்திருக்கலாம். எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். மூன்று தெரு தள்ளிக் கடை போட்டிருந்தால் தினமும் போய்ச் சண்டையாவது போடலாம்.

இவருக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது. இரவு சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு நான் எழுந்து போய்விட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

"பிரிச்ச மெஷினைத் திருப்பி எடுக்கறதில்லைம்மா." அவ்வளவுதான். மாற்றித் தரமாட்டார்கள்.

மார்ச் 20, வியாழன்

ஒரு நர்ஸின் படிப்புச் சான்றிதழ். மத்தியானத்துக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று நின்றுகொண்டே இருந்தாள். அச்செடுத்து, நானே சீல் வைத்தேன். அவள் பெயரின் பாதி எழுத்து சீல் மையோடு கலந்து நீலக் குழம்பாகிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. சின்னவள் ஓடி வந்து, பக்கத்தின் அடியில் சீலுக்கென்று வெற்றிடம் விட்டுத் திரும்ப அச்செடுத்து, காய்ந்த பிறகு வைத்துக் கொடுத்து அனுப்பினாள்.

"நான் அப்பவே சொன்னேன்" என்று அவள் சொல்வாள் என்று சாயங்காலம் வரை காத்திருந்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

மார்ச் 24, திங்கள்

இங்க் ஊற்றக் கற்றுக்கொடுத்தாள். பாதி தொட்டியில், பாதி என் உள்ளங்கையில். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவள் முதலில் நிறுத்திவிட்டாள், அதன் பிறகு எனக்கும் வரவில்லை.

மார்ச் 28, வெள்ளி

அவளுக்குக் கடைசி நாள். அலமாரியில் படங்கள் ஒட்டிவிட்டுப் போனாள். அவள் நாற்காலியை எங்கே நகர்த்துவது என்று தெரியவில்லை. அங்கேயே இருக்கட்டும்.

ஏப்ரல் 3, வியாழன்

பேப்பர் சிக்கியது. இழுத்தேன், கிழிந்தது. மறுபடி இழுத்தேன், இன்னும் கிழிந்தது. வேறு வழியில்லாமல் சின்னவளுக்குப் போன் போட்டேன்.

"பதறாதீங்க. பின்பக்க மூடியைத் திறங்க. ரெண்டு உருளைக்கு நடுவுல கிழிஞ்ச துண்டு தெரியுதா? அவசரப்படாம, நேரா இழுங்க."

வந்துவிட்டது. ஆனாலும் இருவரும் போனை வைக்கவில்லை. புது வீட்டில் தண்ணீர் உப்பாம். வீட்டுக்காரம்மா தினமும் பழம் கொடுத்து அனுப்புகிறாளாம். சும்மா யாராவது பழம் கொடுப்பார்களா, என்ன ஏது என்று விசாரி என்று சொன்னேன். "மாறவே மாட்டீங்கக்கா" என்றாள்.

ஏப்ரல் 9, புதன்

மறுபடி சிக்கியது. போன். வீட்டுக்காரம்மா நல்லவள்தானாம். பார்க்கலாம்.

ஏப்ரல் 16, புதன்

பல்லழகன் எப்படியோ விஷயம் தெரிந்து கூப்பிட்டார். இந்தப் பெரியதை எடுத்துக்கொண்டு, சின்னவள் பார்த்து வைத்த அந்தச் சின்ன லேசரைக் குறைந்த விலைக்குத் தருகிறாராம். "அது சிக்கவே சிக்காதும்மா, நான் கியாரண்டி" என்றார்.

"வேணாங்க. இது நல்லாத்தான் ஓடுது" என்று வைத்துவிட்டேன்.

இவர் பேப்பருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "நல்லா ஓடுதா? அப்ப வாரத்துக்கு ரெண்டு தடவை அவளுக்கு எதுக்கு போன்?"

வர வர இந்த மனிதருக்குச் சந்தேகபுத்தி அதிகமாகிவிட்டது.

ஏப்ரல் 24, வியாழன்

இன்றைக்குப் பிரிண்டர் சிக்கவில்லை. நேற்றும் சிக்கவில்லை. இந்த வாரம் முழுக்கச் சொன்ன பேச்சைக் கேட்டது.

சாப்பிட்டு முடித்துவிட்டு சின்னவளைக் கூப்பிட்டேன்.

"மறுபடி சிக்கிடுச்சுடி."

"அடடா. ரொம்பவா?"

"ரொம்ப."

அனுப்பியிருந்த பக்கங்களைப் பிரிண்டர் அந்த நேரம் பார்த்து ஒன்றன்பின் ஒன்றாக மளமளவென்று தள்ளத் தொடங்கியது. எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியாது. போனைக் கையால் பொத்தினேன்.

"அக்கா."

"என்ன?"

"அங்க என்ன சத்தம்?"

"பக்கத்து ரூம்ல" என்றேன். பக்கத்து அறை வருடக்கணக்காகக் காலி. அது அவளுக்கும் தெரியும்.

எப்போதும் சொல்கிற மாதிரியே சொன்னாள்.

"சரி, பின்பக்க மூடியைத் திறங்க."

திறந்தேன். ஓடிக்கொண்டிருந்தது நின்றது. இரண்டு உருளைக்கும் நடுவில் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது.

"கிழிஞ்ச துண்டு தெரியுதா?"

"தெரியுது" என்றேன்.

"அவசரப்படாம எடுங்கக்கா. நான் லைன்லயே இருக்கேன்."