நூறு மீட்டர்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நான் இருக்கிறேன். வலது கையில் மாவுக்கட்டு, இடது கையால் எழுதுகிறேன், கோழிக் கிறுக்கலாகத்தான் இருக்கும்.

எங்கள் ஆஸ்பத்திரிச் சமையலறையில் உப்பு ஆகாத நோயாளிகளின் தட்டில் 'கட்டுப்பாடு' என்று சிவப்புச் சீட்டு ஒட்டுவோம். இத்தனை வருடமாக எனக்கு அந்தச் சொல்லுக்கு உப்பு என்றுதான் அர்த்தம். இப்போது எலும்பு டாக்டர், "ஆறு வாரம் கைக்குக் கட்டுப்பாடும்மா, டம்ளர்கூடத் தூக்கக் கூடாது" என்கிறார். உன் அண்ணியைத் தாய்வீட்டுக்கு நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன் என்று உன் அண்ணன் முதல் தடவை என்னை அடித்தானே, அப்போது கோர்ட்டில் போட்டதும் அதே சொல்தான். அங்கே அதற்கு நூறு மீட்டர் நீளம், அதற்குள் அவன் என்னை நெருங்கக் கூடாது. பெரிய துரையும் அதை மதித்தார்! தினமும் நூற்றியோராவது மீட்டரில், பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு தெருவே கேட்கக் கத்துவான், நான் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோவைச் சத்தமாக வைப்பேன்.

போன மாதம் எனக்கு ஷிப்ட் மாறி, மத்தியானம் வீட்டில் இருப்பதை நீ அவனிடம் சொல்லியிருக்கிறாய். "மன்னிப்புக் கேக்கணும்னு அழுதான்மா" என்கிறாய். அழுதிருப்பான். மறுநாள் மத்தியானம் கம்பியால் பின்கதவைப் பெயர்த்துக்கொண்டு வந்தான். முதல் அடியைக் கையால் தடுத்தேன், மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான், இரண்டு பல் வாய்க்குள்ளேயே உதிர்ந்தது. நான் மட்டும் சும்மாவா இருந்தேன்? அடுப்பில் கொதித்த வெந்நீரை அவன் காலில் கவிழ்த்தேன். பெற்ற பிள்ளை துடிப்பதைப் பார்த்து, பாவி எனக்கு, நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால்தான் பயம். அடுத்த தடவை எங்களில் ஒருவர் பிணம்.

ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். புகாரை வாபஸ் வாங்கச் சொல்கிறாய், மாட்டேன். தடையை நீட்டச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன், வேலையை விட்டேன், வீட்டையும் போன் நம்பரையும் மாற்றிவிட்டேன். உனக்கு இளகிய மனசு, அவன் அழுதால் தாங்க மாட்டாய். அதனால் புது விலாசத்தை உனக்கும் சொல்லப் போவதில்லை. இந்தக் கடிதத்தைக்கூடத் தெரிந்த லாரிக்காரர் வேறு ஊரில்தான் தபாலில் போடுவார். கோபித்துக்கொள், அழு, ஆனால் தேடாதே.

நீங்கள் எல்லோரும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. உன் பெரியவன் தங்கையை அடித்தால், ஆம்பளைப் பிள்ளை என்று சிரித்துவிடாதே. சின்ன வயசில் உன் அண்ணன் உன்னை அடித்தபோதெல்லாம் நான் சிரித்தேன்.

உன் அம்மா